பரிவட்டம் ஒருவருக்கு, சாவிக்கொத்து இன்னொருவருக்கு (வாசகர் கேள்வி–பதில்)

கலிஃபோர்னியாவில் வீட்டுக் கழிவுநீரைக் கவனிக்கும் வாரியங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கடிதங்களே இந்த முறை என் பக்கங்களை மொத்தமாகப் பிடித்துக்கொண்டன. அப்படியொரு வாரியத்தில் இயக்குநர் குழுவின் எழுத்தராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான் என்பதால் ஆசிரியரும் தடுக்கவில்லை. வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் என் தங்கையும் கூப்பிடு தூரத்தில்தான் வசிக்கிறோம். நவம்பர் தேர்தலில் என் வாக்குச்சீட்டில் கழிவுநீர் வாரிய இயக்குநர் பதவி இருந்தது. சான் ஓசேயில் இருக்கும் அவள் சீட்டில் அப்படி ஒரு பதவியே இல்லை. ஏன் இந்த வித்தியாசம்?
— வாசகி, கூப்பர்டினோ

உங்கள் தங்கை வீட்டுக் கழிவுநீர் சான் ஓசே நகராட்சியின் பொறுப்பு. தனி வாரியம் கிடையாது. மேயருக்கும் கவுன்சிலருக்கும் அவர் போடும் வாக்கிலேயே சாக்கடையும் அடங்கிவிடுகிறது. உங்களுக்கு இருப்பதோ கூப்பர்டினோ சானிட்டரி டிஸ்டிரிக்ட் என்னும் தனி அமைப்பு. நகராட்சியின் கீழ் வராதது. அதற்கு ஐந்து இயக்குநர்கள், நான்காண்டுப் பதவிக்காலம், மக்களின் நேரடி வாக்கு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் காம்ப்பெல், லாஸ் கேட்டோஸ் பக்கம் பாருங்கள். அங்கே வெஸ்ட் வேலி சானிடேஷன் டிஸ்டிரிக்ட். அதன் இயக்குநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தந்த நகர்மன்றங்களும் கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் போன்றது) தங்கள் உறுப்பினர் ஒருவரை அனுப்பிவைக்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று வகை வீடுகளின் தண்ணீரும் கடைசியில் போய்ச் சேர்வது சான் ஓசேயின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான். தண்ணீர் ஒன்று, ஆட்சி மூன்று. காரணம் பழைய கதை. 1923இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் இரண்டு தனித்தனிச் சட்டங்களை இயற்றியது. ஒன்றின்கீழ் அமைந்தவற்றுக்கு நேரடித் தேர்தல். மற்றதன்கீழ் அமைந்தவற்றில் நகரங்களும் கவுண்டியும் அனுப்பும் ஆட்கள். எந்த ஊர் எந்தக் காலத்தில் எதைத் தேர்ந்தெடுத்ததோ, அதன் பேரன் பேத்திகள் இன்றும் அதிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் இருக்கிறேன். சொத்துவரி ரசீதில் கழிவுநீருக்கென்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். அந்த வாரியத்துக்கு நான் வாக்களித்ததாக நினைவே இல்லையே?
— வாசகர், செரிட்டோஸ்

நினைவு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் வாக்களிக்கவில்லை, யாரும் உங்களைக் கேட்கவும் இல்லை. அங்கே இருப்பவை ஒன்றல்ல, 24 தனித்தனி வாரியங்கள். மொத்தமாக 78 நகரங்கள், ஏறக்குறைய 55 லட்சம் மக்கள். ஒவ்வொரு வாரியத்திலும் அதற்குள் வரும் நகரங்களின் மேயர்கள் இயக்குநர்களாக உட்காருகிறார்கள். எந்த நகரத்திலும் சேராத பகுதிகளுக்குக் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவின் தலைவர் வருவார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். அங்குள்ள சிறிய நகரங்கள் பலவற்றில் மேயர் பதவி கவுன்சிலர்களுக்குள்ளேயே ஆண்டுதோறும் சுற்றி வரும். மேயர் மாறினால் கழிவுநீர் வாரிய இயக்குநரும் மாறிவிடுவார். ஓர் ஆண்டு உட்கார்ந்து எழுந்து போகிறவர், பல ஆண்டுகள் நீளும் குழாய்த் திட்டத்தைப் பற்றி என்ன கேள்வி கேட்டுவிட முடியும்? 24 வாரியங்களுக்கும் சேர்த்து நிர்வாகத்தை நடத்துபவர் ஒருவரே: தலைமைப் பொறியாளரும் பொது மேலாளருமாக இருப்பவர். இயக்குநர்கள் வருவார்கள், போவார்கள், அவர் இருப்பார். அந்த நிர்வாகம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. பொறியியல் திறமைக்கு நல்ல பெயர் வாங்கிய அமைப்பு அது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று தேடினால், முதலில் உங்கள் நகர்மன்றக் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். மேயரிடம், “கழிவுநீர் வாரியத்தில் நம் ஊர் சார்பில் கடைசியாக எதற்கு ஆதரவு தெரிவித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் வாரியக் கூட்டத்துக்கு முதன்முறையாகப் போனேன். தலைவர், துணைத் தலைவர், செயலர் மூன்று பதவிக்கும் தேர்தல் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. ஒருவர் பெயர் சொன்னார், இன்னொருவர் வழிமொழிந்தார், எல்லோரும் ‘ஆம்’ என்றார்கள், முடிந்தது. முன்கூட்டியே பேசிவைத்த நாடகம்தானே இது?
— வாசகர், ஃப்ரீமான்ட்

அப்படித் தோன்றுவது இயல்பு. பல வாரியங்களில் முறை வைத்துப் பதவி சுற்றும். இந்த ஆண்டுத் துணைத் தலைவர் அடுத்த ஆண்டுத் தலைவர் என்று கொள்கையாகவே எழுதிவைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிவதில் தவறில்லை. அந்தக் கொள்கையின் நகலை எழுத்தரிடம் கேளுங்கள், கொடுப்பார். எழுதிவைத்த கொள்கை எதுவும் இல்லாமலே இரண்டு நிமிடத்தில் முடிகிறதென்றால், உங்கள் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது.

இங்கே 1953இல் வந்த பிரவுன் சட்டம் பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டமன்ற உறுப்பினராக இருந்த ரால்ஃப் பிரவுன் பெயரால் வழங்குவது. உள்ளாட்சிக் குழு எதுவானாலும் ஊரறியக் கூட வேண்டும், ஊரறிய முடிவெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஐந்து பேர் கொண்ட குழுவில் மூன்று பேர் பெரும்பான்மை. இரண்டு இயக்குநர்கள் காப்பி குடித்துக்கொண்டே, அடுத்த தலைவர் யார் என்று பேசலாம். அதில் ஒருவர் வீட்டுக்குப் போய் மூன்றாமவருக்குப் போன் போட்டு அதே பேச்சைத் தொடர்ந்தால், அது சட்டத்துக்குப் புறம்பான கூட்டம். மூவரும் ஒரே அறையில் இருந்திருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் ‘எல்லோருக்கும் பதில்’ என்ற பொத்தானை அழுத்தும் இயக்குநர்களால் எங்கள் சட்ட ஆலோசகருக்கு இரத்த அழுத்தமே வந்தது.

ரகசிய வாக்கெடுப்பும் கூடாது. இது பலருக்கு வியப்பாக இருக்கும். பொதுத் தேர்தலில் நம் வாக்கு ரகசியம். ஆனால் நாம் தேர்ந்தெடுத்த இயக்குநர் குழுவுக்குள் போடும் வாக்கு ரகசியமாக இருக்கவே கூடாது. ஒருமுறை தலைவர் பதவிக்கு இருவர் பெயர் வந்துவிட்டது. புதிதாக வந்த இயக்குநர் ஒருவர், யார் மனமும் நோகாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் போட்டுவிடலாமே என்றார்; சொன்ன கையோடு மஞ்சள் தாளை மடித்துக் கிழிக்கவும் தொடங்கிவிட்டார். சட்ட ஆலோசகர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, “இது முடியாது” என்றார். கிழித்த துண்டுகள் மேசைமேல் கிடக்க, நான் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். தோற்கப் போகிறவரின் பக்கத்து நாற்காலிக்காரர், அவர் முகத்தைப் பார்க்காமல் மற்றவர் பெயரைச் சொன்னார். சங்கடம்தான். ஆனால் யார் யாருக்கு வாக்களித்தார் என்பது நடவடிக்கைக் குறிப்பில் இன்றும் இருக்கிறது.

இன்னொன்று. தலைவர் பதவியைப் பெரிதாக நினைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டத்தை நடத்துவார், துணைக்குழுக்களுக்கு ஆள் போடுவார், ஆவணங்களில் கையெழுத்திடுவார். வாக்கு என்று வந்தால் மற்றவர்களைப் போல அவருக்கும் ஒன்றே ஒன்று. கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்பவரைப் போல அவர். கருவறைச் சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கும். அந்த இடுப்பைப் பற்றித்தான் அடுத்த கடிதம்.

கேள்வி: பொது மேலாளரை யார் நியமிக்கிறார்கள்? சம்பளத்தை மூடிய அறைக்குள் தீர்மானிப்பதாகச் சொல்கிறார்களே, அது சட்டப்படி சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சாக்ரமென்டோ

குழு தன் கையால் நேரடியாக நியமிப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான். பொது மேலாளர், சட்ட ஆலோசகர், சில இடங்களில் பொருளாளர். மீதி ஊழியர்கள் அத்தனை பேரையும் வேலைக்கு எடுப்பது பொது மேலாளர். ஆகவே ஐந்து இயக்குநர்கள் பல ஆண்டுகளில் எடுக்கும் மிகப் பெரிய முடிவு, அந்த ஒரு நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்பதுதான். குழாய் போடுவது, பம்பு வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

மூடிய அறைக்கு வருகிறேன். ஒரு பொது ஊழியரை நியமிப்பது, அவர் வேலையை மதிப்பிடுவது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது, நீக்குவது ஆகியவற்றைக் குழு தனியே கூடிப் பேசலாம். நிகழ்ச்சி நிரலில் பதவியின் பெயரோடு அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். உள்ளே நியமனமோ நீக்கமோ முடிவானால், வெளியே வந்து அறிவிக்க வேண்டும். ஆனால் இந்தச் சலுகை ஊழியருக்கு மட்டும். இயக்குநர்களைப் பற்றி, அதாவது யார் தலைவர், யார் எந்தத் துணைக்குழுவில் என்பதைப் பற்றி, கதவைச் சாத்திக்கொண்டு பேச முடியாது.

சம்பளம் வேறு கதை. பேரம் பேசுவதற்குக் குழு ஒருவரை அமர்த்தி, அவருக்கு என்ன சொல்லி அனுப்புவது என்பதை மட்டும் உள்ளே பேசலாம். இறுதி முடிவு வெளியே. அதுவும் அவசரமாக 24 மணி நேர அறிவிப்பில் கூட்டும் சிறப்புக் கூட்டத்தில் முடியாது, வழக்கமான கூட்டத்தில்தான். 2017 முதல், வாக்கெடுப்புக்கு முன்னால் சம்பளமும் படிகளும் என்னென்ன என்பதை வாய்விட்டுச் சுருக்கமாகச் சொல்லவும் வேண்டும். ஒப்பந்தத்தின் நூறு பக்கத்துக்குள் தொகையைப் புதைத்துவைத்து, ‘வழக்கமான விஷயங்கள்’ என்ற பட்டியலில் மொத்தமாக ஆமோதித்துவிட்டுப் போகிற பழக்கத்துக்கு வைத்த முடிவு இது.

இவ்வளவு கெடுபிடி ஏன் வந்தது? லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் பெல் என்று ஒரு சின்ன நகரம். உழைக்கும் மக்கள் வாழும் ஊர். அதன் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது 2010இல் வெளியே வந்தது. அது நகராட்சி, கழிவுநீர் வாரியமல்ல. ஆனால் அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் எல்லா உள்ளாட்சி அமைப்புகளையும் சேர்த்தே கட்டிப்போட்டன. மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் இப்போது உள்ளாட்சி ஊழியர்களின் சம்பளத்தைப் பதவி வாரியாக இணையத்தில் வெளியிடுகிறது. உங்கள் பொது மேலாளர் என்ன வாங்குகிறார் என்பதைப் பக்கத்து ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

சம்பளத்தைவிட நான் கவலைப்படுவது இன்னொரு பதவியைப் பற்றி. சுத்திகரிப்பு நிலையத்தின் தலைமை இயக்குபவர். இங்கே மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம் தேர்வு வைத்து ஒன்று முதல் ஐந்து வரை தரச் சான்றிதழ் தருகிறது. பெரிய நிலையத்துக்குப் பெரிய தரம் வேண்டும். இயக்குநர்களின் மைத்துனரோ, மேலாளரின் கல்லூரித் தோழரோ, அந்தச் சான்றிதழ் இல்லாமல் அங்கே உட்கார முடியாது. சிபாரிசு செல்லாத நாற்காலி அது ஒன்றுதான் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லிக்கொள்வோம்.

கேள்வி: ஓர் இயக்குநர் விலகினார். தேர்தல் நடத்தாமல் மீதி நால்வரும் சேர்ந்து வேறொருவரை நியமித்துவிட்டார்கள். இது அநியாயமில்லையா?
— வாசகி, கான்கார்டு

சட்டம் அனுமதிக்கிறது. இடம் காலியானதிலிருந்து 60 நாட்களுக்குள் மீதிப் பேர் ஒருவரை நியமிக்கலாம், அல்லது தேர்தலுக்கு அழைக்கலாம். நியமிப்பதென்றால் குறைந்தது 15 நாட்களுக்கு முன் ஊரில் பலர் பார்க்கும் மூன்று இடங்களிலாவது அறிவிப்பு ஒட்ட வேண்டும். நால்வரும் இரண்டுக்கு இரண்டு என்று முட்டிக்கொண்டு நின்றுவிட்டால், முடிவு கவுண்டி மேற்பார்வையாளர்களின் கைக்குப் போகும். அறிவிப்பு ஒட்டினார்களா, எங்கே ஒட்டினார்கள் என்று கேளுங்கள். தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

நேர்காணல் நடந்திருந்தால் அதுவும் பொதுக்கூட்டத்தில்தான் நடந்திருக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் நாகரிகம் கருதித் தாமாக வராந்தாவில் காத்திருப்பார்கள். வெளியே போ என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அநியாயம் எது என்று கேட்டால், நான் வேறொன்றைக் காட்டுவேன். காலியிடங்கள் எத்தனையோ அத்தனை பேர் மட்டுமே மனுத் தாக்கல் செய்தால் தேர்தலே நடக்காது. அந்தப் பதவி வாக்குச்சீட்டில் இடம்பெறாது. மனுப் போட்டவர்கள் நியமனம் பெற்றுவிடுவார்கள். கழிவுநீர் வாரியங்களில் இது அரிதான நிகழ்வல்ல. பதவிக்காலம் முழுவதும் ஒரு வாக்கும் வாங்காமல் கட்டணத்தை உயர்த்தும் இயக்குநர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? எதிர்த்து நிற்க ஆளில்லை. அந்த நால்வரை நீங்கள் திட்டுவதற்கு முன், கடந்த முறை மனுத் தாக்கலுக்கான கடைசித் தேதி என்றைக்கு என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: இயக்குநர்களுக்குச் சம்பளம் உண்டா?
— வாசகர், டப்ளின்

1923 சட்டத்தின் நேரடித் தேர்தல் வகையில், கூட்டம் அல்லது பணி நாளுக்கு 100 டாலர், மாதத்துக்கு ஆறு நாள் வரை. குழு விரும்பினால் முறைப்படி ஆணை நிறைவேற்றி ஆண்டுக்கு 5 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். பணக்காரராக வேறு வழி பாருங்கள்.

கேள்வி: என் கணவர் பணிபுரியும் பொறியியல் நிறுவனம் எங்கள் ஊர் வாரியத்துக்கு வரைபட வேலை செய்கிறது. நான் இயக்குநர் பதவிக்கு நிற்கலாமா?
— வாசகி, சான் ரமோன்

நிற்கலாம். ஆனால் நிற்பதற்கு முன் ஒரு கடிதம் எழுதுங்கள். தன் சொந்த ஆதாயம் கலந்த ஒப்பந்தத்தில் அரசு அலுவலர் பங்கெடுக்கக் கூடாது என்பது இந்த மாநிலத்தின் பழைய விதி. கணவர் வாங்கும் சம்பளமும் சட்டத்தின் கண்ணில் உங்கள் வருமானத்தில் வரும். ‘வாக்கெடுப்பின்போது எழுந்து வெளியே போய்விடுவேன்’ என்பது எப்போதும் போதாது. சில சூழ்நிலைகளில் ஓர் இயக்குநருக்கு ஆதாயம் இருந்தாலே முழுக் குழுவும் அந்த ஒப்பந்தத்தைச் செய்ய முடியாமல் போகும். மீறிச் செய்தால் ஒப்பந்தமே செல்லாது, நிறுவனம் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டிவரும். நிறுவனத்தின் அளவு, கணவரின் பதவி, எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்து விதிவிலக்குகளும் உண்டு. நியாயமான அரசியல் நடைமுறைகள் ஆணையம் என்று மாநிலத்தில் ஒன்று இருக்கிறது. கேட்டால் எழுத்து மூலம் ஆலோசனை தரும். பக்கத்து வீட்டு வக்கீலைக் கேட்காமல் அவர்களைக் கேளுங்கள். வென்றால் ஆண்டுதோறும் ‘படிவம் 700’ என்ற சொத்து, வருமான அறிக்கையை நிரப்ப வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கலாம், உங்கள் நாத்தனார் உட்பட.

கேள்வி: எங்கள் ஊரில் இந்தப் பதவிக்குக் கட்சி அடிப்படையிலேயே போட்டி நடக்கிறது. சாக்கடைக்கு எதற்குக் கட்சி?
— வாசகர், ஷாம்பர்க், இல்லினாய்

சிகாகோவில் சாக்கடை சிறிய விஷயமாக இருந்ததே இல்லை. 1889இல் அங்கே கழிவுநீர் வாரியம் அமைந்தது. நகரத்தின் அழுக்கு ஆற்றின் வழியே மிச்சிகன் ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது. குடிநீரும் அதே ஏரியிலிருந்து. வாரியம் 28 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, 1900இல் ஆற்றின் ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டது. அழுக்கு ஏரிக்குப் போகாமல் மிசிசிப்பியை நோக்கிப் போகத் தொடங்கியதும், கீழே இருக்கும் மிசூரி மாநிலம் வழக்குப் போட்டது. 1906இல் உச்ச நீதிமன்றத்தில் மிசூரி தோற்றது. ஆற்றைத் திருப்பும் அதிகாரமும் அதற்கான வரிப்பணமும் ஓரிடத்தில் குவிந்தால் கட்சிகள் அங்கே வராமல் எங்கே போகும்?

இன்று அதன் பெயர் மாறிவிட்டது. ஒன்பது ஆணையர்கள், ஆறாண்டுப் பதவிக்காலம், இரண்டாண்டுக்கு ஒருமுறை மூவருக்குத் தேர்தல். தலைவரை அவர்களே தமக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாக இயக்குநரை நியமிப்பதும் அவர்கள்தான். நீங்கள் கட்சியைப் பார்த்து வாக்களித்தாலும், அந்த ஒன்பது பேர் உட்கார்ந்து யாரை நிர்வாக இயக்குநராக வைக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். உங்கள் அடித்தளத்தில் மழைத் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பது கட்சிச் சின்னத்தில் இல்லை.

கேள்வி: நான் கிரீன் கார்டில் இருப்பவன். வாக்குரிமை இல்லை. வாரியத்திடம் நான் எதையும் கேட்க முடியாதுதானே?
— வாசகர், சான் ஓசே புறநகர்

இயக்குநராக நிற்க முடியாது. அதற்கு வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். மற்றபடி கதவு திறந்தே இருக்கிறது. கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. உள்ளே வருவதற்குப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாக வேண்டும் என்றும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கோடையில் வந்திருக்கும் உங்கள் அப்பாகூட எழுந்து பேசலாம். நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொதுமக்கள் எந்நேரமும் வந்து பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்ட வேண்டும். திங்கள் மாலை 6 மணிக் கூட்டமென்றால் வெள்ளி மாலை 6 மணிக்குள். அந்தக் கண்ணாடிப் பலகையின் பூட்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து மக்கர் செய்யும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருகுவது என் வெள்ளிக்கிழமை வழிபாடு.

வாக்குரிமையைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. 1996இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 218ஆம் முன்மொழிவின்படி, கழிவுநீர்க் கட்டணத்தை உயர்த்துவதற்கு முன் வாரியம் உங்களுக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, குறைந்தது 45 நாட்கள் கழித்தே பொது விசாரணை நடத்த வேண்டும். சம்பந்தப்பட்ட மனைகளில் பாதிக்கு மேல் எழுத்து மூலம் எதிர்ப்பு வந்தால் உயர்வு நிறைவேறாது. எதிர்ப்பைத் தருவதற்கு நீங்கள் வீட்டு உரிமையாளராகவோ, கட்டணத்தை நேரடியாகச் செலுத்தும் வாடகைதாரராகவோ இருந்தால் போதும். பாஸ்போர்ட் எந்த நிறம் என்று யாரும் கேட்பதில்லை.

அந்த அறிவிப்பு பார்ப்பதற்கு விளம்பரத் தாள் மாதிரியே இருக்கும், குப்பையில் போட்டுவிடாதீர்கள். எதிர்க்க நினைத்தால் முகவரி அல்லது மனை எண், ‘எதிர்க்கிறேன்’ என்ற சொல், கையெழுத்து மூன்றும் தாளில் இருக்கட்டும். ஒரு மனைக்கு ஒரு எதிர்ப்புதான் கணக்கு. நீங்களும் மனைவியும் தனித்தனியே அனுப்பினாலும் ஒன்றுதான். தொலைபேசியில் திட்டுவது எண்ணிக்கையில் சேராது, மின்னஞ்சலைப் பல வாரியங்கள் ஏற்பதில்லை. தபாலை நம்ப முடியாவிட்டால், விசாரணை முடிவதற்குள் நேரே போய் எழுத்தர் கையில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.